ஒரு விநாடி நகர 11 நாள்! கம்ப்யூட்டருக்குள் ஓடும் கற்பனைக் கடிகாரம்

சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு தடவை "டிக்" என்று நகர எவ்வளவு நேரம் ஆகும்?

"இது என்ன கேள்வி? ஒரு விநாடிதான்" என்பீர்கள்.

ஆனால் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் ஒரு விநாடி நகர 11 நாள் பிடிக்கும்! சில நேரம் அது ஒரே தாவாகத் தாவும். சில நேரம் சுவரில் அடித்த ஆணி போல அசையாமல் நிற்கும். அதற்கு முள் இல்லை. சக்கரம் இல்லை. சாவி கொடுக்கவும் வேண்டாம்.

அது எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அது ஒரு கற்பனைக் கடிகாரம். கையில் இருக்கும் டெலிபோனிலும், மோட்டார் காரிலும், ஆஸ்பத்திரிக் கருவியிலும் "சிப்" என்ற சிறு சில்லு இருக்கிறது அல்லவா? அந்த சிப் பிறப்பதற்கு முன்னால், இந்தக் கற்பனைக் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சோதிக்கிறார்கள்.

பிறக்கும் முன்பே பரீட்சை

சிப் என்பது விரல் நகம் அளவு இருக்கும். பெரிய சிப் ஒன்றில் பல நூறு கோடி மின்சார சுவிட்சுகள் அடங்கி இருக்கும். அதைச் செய்து முடிக்க மாதக் கணக்கில் ஆகும். செய்த பிறகு "இந்தக் கம்பியை இங்கே மாற்று" என்று சொல்ல முடியாது. வார்த்த விக்கிரகத்தின் மூக்கை மாற்றுவது போலத்தான். உருக்கி மறுபடியும் வார்க்க வேண்டும்.

தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் இன்டெல் கம்பெனி 1993-ம் ஆண்டு "பென்டியம்" என்ற சிப்பை விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். வகுத்தல் கணக்கில் விடை கொஞ்சம் தவறி வந்தது. வகுத்தலுக்காக சிப்பில் பதித்து வைத்திருந்த அட்டவணையில் சில இடங்கள் விட்டுப் போயிருந்தன. கேட்டவர்களுக்கு எல்லாம் வேறு சிப் கொடுப்பதாகக் கம்பெனி அறிவித்தது. செலவு 47 கோடியே 50 லட்சம் டாலர்!

அது காலக் கணக்கில் வந்த தப்பு அல்ல. ஆனால் சிப் செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது அதில் இருந்து புரியும்.

ஆகவே என்ன செய்கிறார்கள்? முதலில் சிப்பைப் பற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதுகிறார்கள். "இந்தக் கம்பியில் மின்சாரம் வந்தால் அந்தக் கம்பியில் நிற்க வேண்டும்; அதற்கு இவ்வளவு நேரம் ஆக வேண்டும்" என்று வரி வரியாக எழுதுகிறார்கள். இதுதான் "மாதிரி". வீடு கட்டும் முன் பிளான் போடுவது போல. ஆனால் இந்த பிளான் பேசாமல் இருக்காது. ஓடிக் காட்டும்!

இப்படி எழுதுவதற்கு என்றே தனி மொழிகள் இருக்கின்றன. "வெரிலாக்" என்பது ஒன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரபு கோயல் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய "கேட்வே" கம்பெனியில், பில் மூர்பி என்ற என்ஜினீயர் 1984-ம் ஆண்டு வாக்கில் அதை உருவாக்கினார். "வி.எச்.டி.எல்." என்பது மற்றொன்று. அது அமெரிக்க ராணுவ இலாகாவின் முயற்சியால் பிறந்து, 1987-ல் பொது விதியாக ஏற்கப்பட்டது. 1999-ல் வந்தது "சிஸ்டம் சி".

மூன்று மொழியிலும் ஒரு கேள்வி பொதுவாக உண்டு. "இப்போது மணி என்ன?"

இரண்டு கடிகாரம்

என்ஜினீயர் மேஜை முன் உட்கார்ந்து மாதிரியை ஓட்டுகிறார். அவர் கையில் ஒரு கடிகாரம் கட்டி இருக்கிறார். அது ஊர்க் கடிகாரம். மாதிரிக்குள் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. அது சிப்பின் கடிகாரம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். உண்மையான சிப் விநாடிக்கு 100 கோடி தடவை துடிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நம் நாடி போல அதற்கும் ஒரு துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் அது ஒரு காரியம் செய்கிறது. மாதிரியை ஓட்டும் கம்ப்யூட்டரோ, ஒவ்வொரு துடிப்பிலும் எந்தக் கம்பி மாறியது, எந்தக் கம்பி மாறவில்லை என்று கணக்குப் போட வேண்டும். விநாடிக்கு ஆயிரம் துடிப்புதான் அதனால் முடிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்படியானால் 100 கோடி துடிப்பை முடிக்க 10 லட்சம் விநாடி வேண்டும். அதாவது 11½ நாள்!

என்ஜினீயர் தூங்கி எழுகிறார். பல் துலக்குகிறார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போய் வந்து விடுகிறார். மாதிரிக்குள் இன்னும் ஒரு விநாடி முடிந்தபாடில்லை.

சிப்பின் வேகம் சரியா என்று அறிய வேண்டுமானால், அவர் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பயன் இல்லை. உள்ளே இருக்கும் கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். கம்ப்யூட்டரின் சொந்த நேரத்தைக் கேட்கும் கட்டளையைப் புரோகிராமில் எழுதி விட்டு, "என் சிப் இவ்வளவு மெதுவாக இருக்கிறதே!" என்று தலையில் கை வைத்துக் கொள்வார்கள். மெதுவாக இருப்பது சிப் அல்ல. அதை ஓட்டும் கம்ப்யூட்டர்!

ஒரு துண்டுக் கம்பியும் மிளகுத் தூளும்

உள் கடிகாரம் எந்த அளவில் எண்ணுகிறது?

விநாடி அதற்கு மிகப் பெரியது. நம் ஆயுளை யுகக் கணக்கில் சொல்வது போல் ஆகி விடும். விநாடியை 100 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு "நானோ விநாடி". அதையும் ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு "பிக்கோ விநாடி". அதையும் ஆயிரம் பங்காக்கினால் "பெம்டோ விநாடி".

அமெரிக்கக் கடற்படையில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் இருந்தார். கம்ப்யூட்டர் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1992-ல் காலமானார். கூட்டங்களில் பேசப் போகும்போது, கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் உள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டு போய்க் கொடுப்பார். "இதுதான் ஒரு நானோ விநாடி!" என்பார். அந்த நேரத்தில் வெளிச்சம் அவ்வளவு தூரம்தான் ஓடும். அப்படியானால் பிக்கோ விநாடி? அதைக் காட்ட மிளகுத் தூள் பொட்டலம் கொடுப்பார்!

சிஸ்டம் சி மொழியில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்த மிளகுத் தூள்தான் அளவு. ஒரு பிக்கோ விநாடிக்கு ஒன்று என்று எண்ணிக் கொண்டு போகும்.

தாவும் காலம்

ஒவ்வொரு பிக்கோ விநாடியாக எண்ணினால் விடியுமா? விடியாது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது.

சினிமாவில் கதாநாயகன் சிறு பையனாக ஓடுவான். ஓடிக் கொண்டே பெரியவன் ஆகி விடுவான். நடுவில் உள்ள 15 ஆண்டில் கதைக்கு வேண்டியது எதுவும் இல்லை. ஆகவே அதைக் காட்டுவது இல்லை. மாதிரியின் காலமும் அப்படியேதான் ஓடுகிறது.

வட்டிக் கடையில் தவணை நோட்டு ஒன்று இருக்கும். யார் எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதி இருக்கும். கணக்குப் பிள்ளை அடுத்த தேதி எது என்று பார்ப்பார். நடுவில் உள்ள நாட்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதே போல, "10 நானோ விநாடியில் இந்தக் கம்பி மாறும், 25-ல் அது மாறும்" என்று மாதிரிக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. 10-ல் உள்ள வேலை முடிந்ததும் கடிகாரம் நேராக 25-க்குத் தாவும். நடுவில் உள்ள காலம் நடக்கவே இல்லை!

இந்த வித்தைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் இருவர். ஒருவர் கிறிஸ்டன் நைகார்ட். மற்றவர் ஓலே-ஜோகன் டால். 1960-க்குப் பின் ஆஸ்லோ நகரில் "சிமுலா" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார்கள். "நான் இவ்வளவு நேரம் சும்மா இருக்கிறேன். பிறகு எழுப்பு" என்று புரோகிராமின் ஒரு பகுதி சொல்லலாம். உடனே அதன் பெயரை எழுப்பும் நேரத்தோடு நோட்டில் எழுதிக் கொண்டு, கம்ப்யூட்டர் அடுத்த ஆளைக் கவனிக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஜார்ன் ஸ்ட்ராஸ்ட்ரப் என்ற மாணவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தபோது சிமுலாவில் புரோகிராம் எழுதினார். எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. ஓட்டினால் நத்தை வேகம்! வேறு மொழியில் திருப்பி எழுத வேண்டியது ஆயிற்று. அந்த மனக் குறையோடு 1979-ல் அமெரிக்காவில் அவர் தொடங்கிய மொழிதான் பிறகு "சி பிளஸ் பிளஸ்" ஆனது. அந்த மொழியின் மேல் கட்டியதுதான் சிஸ்டம் சி. நைகார்ட், டால் இருவரும் 2002-ம் ஆண்டு கோடையில் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

முகூர்த்த நேரத்தில் என்ன நடக்கிறது?

காலம் தாவுவது ஆச்சரியம் என்றால், நிற்பது அதைவிட ஆச்சரியம்.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நேரம் 9.15. "கெட்டி மேளம்!" என்று ஒருவர் கையைத் தூக்குகிறார். மேளம் முழங்குகிறது. தாலி ஏறுகிறது. அட்சதை பறக்கிறது. கேட்டால் எல்லாம் 9.15-க்குத்தான் நடந்தது என்பார்கள். ஆனால் அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. தாலி ஏறும் முன் அட்சதை போட்டால் பெரியவர்கள் விடுவார்களா?

சிப்பின் மாதிரியிலும் ஒரே நேரத்தில் பல கம்பிகள் மாறும். ஒன்று மாறுவதால் மற்றொன்று மாறும். கடிகாரத்தைத் தள்ளாமல், அதே நேரத்துக்குள் "முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி" என்று வரிசை போடுகிறார்கள். இந்தப் படிக்கு "டெல்டா" என்று பெயர். எத்தனை டெல்டா கடந்தாலும், மணி கேட்டால் பழைய நேரத்தையே சொல்லும்.

மாலை மாற்றும் சடங்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. மாப்பிள்ளை கழுத்தில் ரோஜா மாலை. பெண் கழுத்தில் மல்லிகை மாலை. மாற்றிக் கொள்ள வேண்டும். மனிதர்களுக்கு இது எளிது. கம்ப்யூட்டரோ ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் செய்யும். அதோடு, அது மாலையைக் கழற்றி மாட்டாது. பார்த்து அதே போல் ஒன்று செய்து போடும். முதலில் மாப்பிள்ளையின் மாலையைப் பார்த்துப் பெண்ணுக்கு ரோஜா மாலை போடும். பிறகு பெண்ணின் மாலையைப் பார்த்து மாப்பிள்ளைக்குப் போடும். இப்போது பெண் கழுத்தில் இருப்பது என்ன? ரோஜா! ஆக, இரண்டு பேர் கழுத்திலும் ரோஜா. மல்லிகை மாயம்!

உண்மையான சிப்பில் இந்தக் கோளாறு வராது. ஒரே துடிப்பில் இரண்டும் மாறிக் கொள்ளும். ஆகவே மாதிரியிலும், "முதலில் எல்லாரும் பார்த்துக் கொள்ளுங்கள், பிறகு எல்லாரும் மாற்றிக் கொள்ளுங்கள்" என்று இரண்டு படியாகச் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். வெரிலாக் மொழியில் இதற்கு என்று தனிக் குறியே உண்டு. அந்தக் குறியை மறந்து விட்டால் மல்லிகை மாலை மாயமாகிப் போகும். மாதிரி ஒரு விதமாகவும் சிப் வேறு விதமாகவும் நடக்கும்.

டெல்டாவில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அப்பா "வா" என்றால் பையன் "வரமாட்டேன்" என்கிறான். "வராதே" என்றால் "வருவேன்" என்கிறான். அப்பாவோ பையன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர். இந்தப் பேச்சு எப்போது முடியும்? ஒரு கம்பியின் எதிர்மறையை அதே கம்பிக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நேரம் எதுவும் எழுதாமல் விட்டால் இதுதான் நடக்கும். கம்பி மாறிக் கொண்டே இருக்கும். கடிகாரம் நகரவே நகராது. நல்ல வேளையாக, குறிப்பிட்ட தடவைக்கு மேல் போனால் "போதும்" என்று ஓட்டத்தை நிறுத்தி விடும் ஏற்பாடு பல புரோகிராம்களில் உண்டு.

படிக்கு உள்ளே ஆழாக்கு

இனி எண்ணும் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான தப்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வீட்டில் படி மட்டும் இருக்கிறது, ஆழாக்கு இல்லை. ஒன்றேகால் படி அரிசி அளக்கச் சொன்னால் என்ன செய்வது? ஒரு படி போட்டு "சரி, போகட்டும்" என்று விட வேண்டியதுதான்.

வெரிலாக் மொழியில் புரோகிராமின் தலையில் இரண்டு அளவு எழுத வேண்டும். ஒன்று, எதைக் கொண்டு பேசுவது. மற்றொன்று, எது வரை நுணுக்கமாக அளப்பது. ஒருவர் இரண்டுக்கும் "1 நானோ விநாடி" என்று எழுதி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். சிப் விநாடிக்கு 40 கோடி தடவை துடிக்க வேண்டும். அதாவது துடிப்புக்கு 2½ நானோ விநாடி. பாதித் துடிப்பு ஒன்றேகால். ஆனால் அளக்கும் படியில் கால் இல்லை. கம்ப்யூட்டர் அதை 1 என்று எடுத்துக் கொள்ளும். துடிப்பு 2 நானோ விநாடி ஆகி விடும். விநாடிக்கு 50 கோடி!

சத்தம் இல்லை. சண்டை இல்லை. தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேர வேலையை சிப் 48 நிமிடத்தில் முடிப்பது போல் தெரியும். என்ஜினீயர் பூரித்துப் போவார். சிப் செய்து வந்த பிறகுதான் அந்த 12 நிமிடம் பல்லைக் காட்டும்.

அளவைப் பிக்கோ விநாடியாக்கினால் இது தீரும். ஆனால் எல்லாம் தீராது. விநாடிக்கு 30 கோடி துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 3,333 பிக்கோ விநாடி. பிறகு தசமம் போட்டு முடிவே இல்லாத 3. பாதித் துடிப்பை 1,667 என்று எழுதினால் முழுத் துடிப்பு 3,334 ஆகிறது. முக்கால் பிக்கோ விநாடி கூட இல்லை, அவ்வளவு சின்ன பிசகு! ஆனால் 10 லட்சம் துடிப்பு போனதும் பார்த்தால், கடிகாரம் 200 துடிப்பு பின்தங்கி இருக்கும். 10 லட்சம் துடிப்பு என்பது அந்த சிப்புக்கு ஒரு விநாடியில் 300-ல் ஒரு பங்குதான்.

அதே சிப்பில், விநாடிக்கு 10 கோடி தடவை துடிக்கும் இன்னொரு கடிகாரமும் இருந்தால் வம்பு. இது ஒன்று அடிக்கும்போது அது சரியாக மூன்று அடிக்க வேண்டும். இதன் ஒரு துடிப்பு 10,000. அதன் மூன்று துடிப்போ 10,002. இரண்டும் மெல்ல மெல்ல விலகிப் போகும். பத்து ரூபாயை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போடும் தாய் என்ன செய்வாள்? இரண்டு பேருக்கு 3.33 கொடுத்து, மூன்றாம் பிள்ளைக்கு 3.34 கொடுப்பாள். விஷயம் தெரிந்தவர்கள் துடிப்பையும் அப்படியே 3,333, 3,333, 3,334 என்று பங்கிட்டு விடுகிறார்கள்.

நேரத்தைக் கேட்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வெரிலாக்கில் "டைம்" என்று கேட்டால் முழு எண்ணாகத்தான் பதில் வரும். 2.6 நானோ விநாடியில் ஒரு சம்பவம். 3.4-ல் இன்னொரு சம்பவம். இரண்டையும் "3" என்றே சொல்லும்! பார்க்கிறவர் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாக எண்ணிக் கொள்வார். "ரியல்டைம்" என்று கேட்டால் பின்னத்தோடு வரும். "எஸ்டைம்" என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அதில் 32 இடம் கொண்ட சிறு பெட்டிதான். பிக்கோ விநாடியாக எண்ணினால், ஒரு விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு தாண்டியதுமே பெட்டி நிறைந்து விடும். பிறகு மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும்.

சிஸ்டம் சி-யின் பெட்டி பெரியது. 64 இடம். பிக்கோ விநாடியாக எண்ணினாலும் 213 நாள் தாங்கும். ஊர்க் கணக்கில் அதை நிரப்ப ஒரு ஆயுள் போதாது. ஆனால் ஆசைப்பட்டுப் பெம்டோ விநாடிக்குப் போனால் அது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வி.எச்.டி.எல். மொழியின் அடிப்படை அளவே பெம்டோ விநாடிதான். அங்கே 64 இடத்தில் ஓர் இடம் "கூட்டலா, கழித்தலா" என்ற குறிக்குப் போய் விட்டால், மிச்சம் தாங்குவது 2 மணி 33 நிமிடம் 43 விநாடி. நுணுக்கம் வேண்டுமா, நீளம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். சிஸ்டம் சி-யில் அளவை ஒரு தடவைதான் சொல்லலாம். அதுவும், நேரம் என்று எதையாவது எழுதத் தொடங்கும் முன்பே சொல்லி விட வேண்டும்.

28 உயிர்

"மிளகுத் தூள் அளவு பிசகுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கலாம்.

சவூதி அரேபியாவில் தாரான் என்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். இது மாதிரியில் நடந்தது அல்ல. உண்மையான போரில், உண்மையான எந்திரத்தில் நடந்தது.

1991-ம் ஆண்டு வளைகுடாப் போர். ஈராக் விடும் "ஸ்கட்" ராக்கெட்டுகளை வானத்திலேயே அடித்து வீழ்த்த "பேட்ரியட்" என்ற ஏவுகணைகளை அமெரிக்க ராணுவம் நிறுத்தி வைத்திருந்தது. அதை இயக்கிய கம்ப்யூட்டர், நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. முழு எண்தான். எண்ணிக்கையில் தப்பு இல்லை. ஆனால் அதை விநாடியாக மாற்றப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும். நம் தசமக் கணக்கில் பத்தில் ஒன்று என்பது 0.1. முடிந்தது. கம்ப்யூட்டரின் இரட்டைக் கணக்கிலோ அது முடிவே இல்லாமல் நீளும். 24 இடத்தோடு வெட்டி விட்டார்கள். வெட்டுப்பட்டது, கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு!

எந்திரம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக் கொண்டே இருந்தது. 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு விநாடிகள் 36 லட்சம். வெட்டுப்பட்ட துளி அத்தனை மடங்கு பெருகி, மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகி விட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோ மீட்டருக்கு மேல் பறந்து விடும். பிப்ரவரி 25-ந் தேதி ஸ்கட் வந்தபோது, பேட்ரியட் அதை இல்லாத இடத்தில் தேடியது. ராக்கெட் படை வீரர்கள் தங்கி இருந்த கட்டிடத்தில் விழுந்தது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். திருத்திய புரோகிராம் மறுநாள் வந்து சேர்ந்தது!

சிப்பின் மாதிரிகளில் நேரத்தை மிகச் சிறிய அளவில் முழு எண்ணாகவே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். கூட்டுவது, கழிப்பது, ஒப்பிடுவது எல்லாம் முழு எண்ணில். மனிதன் படிப்பதற்காக அச்சடிக்கும்போது மட்டும் விநாடியாக மாற்றுவார்கள்.

மறந்து போன ஒரு வரி

கடிகாரத்தை மாதிரியே பார்த்துக் கொள்ளும் என்று எப்போதும் நம்பி இருக்க முடியாது. "வெரிலேட்டர்" என்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராம் உண்டு. வெரிலாக்கில் எழுதியதை சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். மிக வேகமாக ஓடும். ஆனால் பழைய வழக்கப்படி, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையை என்ஜினீயர் தலையில் கட்டி விட்டது. "ஒரு துடிப்பு ஓட்டு, நேரத்தில் ஒன்று கூட்டு, மறுபடியும் ஓட்டு" என்று அவரே எழுத வேண்டும். "கூட்டு" என்ற அந்த ஒரு வரியை மறந்து விட்டால், இரவெல்லாம் ஓடினாலும் காலையில் வரைபடம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

"இப்போது மணி என்ன?" என்று மாதிரி கேட்டால் பதில் சொல்லவும் அவரே ஒரு சிறு பகுதி எழுத வேண்டி இருந்தது. அந்தப் பதில் பின்னம் வைத்துக் கொள்ளும் பெட்டியில் போகும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. முழு எண்ணைப் பிசகாமல் வைத்துக் கொள்ள அந்தப் பெட்டிக்கு 53 இடம்தான் உண்டு. பெம்டோ விநாடியாக எண்ணினால் 9 விநாடியில் அந்த எல்லை வந்து விடும். அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் எண் கூடாது! கூட்டிக் கொண்டே இருப்பார். எண் அப்படியே இருக்கும்.

பின்னர் வந்த வெரிலேட்டரில் நேரத்தை வைத்துக் கொள்ள 64 இடம் உள்ள முழு எண் பெட்டியே வந்து விட்டது. கூட்டச் சொல்வதற்கும் தனிக் கட்டளை கொடுத்து விட்டார்கள்.

மேஸ்திரியிடம் கொடுக்கும் சீட்டு

கடைசியாக ஒரு விஷயம். 11 நாள் காத்திருக்க எல்லாராலும் முடியுமா? சிப் வருவதற்கு முன்பே அதற்கான புரோகிராம்களை எழுதிப் பார்க்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரம். அவர்களுக்காக 2008-ல் சிஸ்டம் சி-யில் ஒரு குறுக்கு வழி வகுக்கப்பட்டது.

கட்டிட வேலையில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு தடவை மேஸ்திரியிடம் போய் மணி கேட்டால் வேலை நடக்குமா? கொத்தனார் தன் போக்கில் வேலை செய்கிறார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு சீட்டில் எழுதிக் கொள்கிறார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை மேஸ்திரியிடம் போய்க் கணக்கை நேர் செய்து கொள்கிறார். அதே போல மாதிரியின் ஒவ்வொரு பகுதியும் பொதுக் கடிகாரத்தைக் கேட்காமல் முன்னால் ஓடலாம். எவ்வளவு தூரம் முன்னால் ஓடலாம் என்பதற்கு ஒரு வரம்பு. அதற்கு "குவாண்டம்" என்று பெயர். வரம்பு வந்ததும் நின்று மற்றவர்களோடு சேர்ந்து கொள்ள வேண்டும். வரம்பைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். ஆனால் ஒரு பகுதி சொல்ல வந்த செய்தி மற்றொரு பகுதிக்குக் காலம் தாழ்ந்து போய்ச் சேரும்.

இங்கே "மணி என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. பொதுக் கடிகாரம் 500 நானோ விநாடி என்று காட்டும். ஆனால் முன்னால் ஓடிய பகுதியின் சீட்டில் இன்னும் 40 இருக்கும். அந்தப் பகுதிக்கு உண்மை நேரம் 540. பதிவேட்டில் நேரம் எழுதும் வரியில் பொதுக் கடிகாரத்தை மட்டும் கேட்டால், 500, 500, 500 என்றே வரிசையாக அச்சாகும். அடுத்தடுத்து நடந்த சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்தவை போல் தோன்றும். கோளாறைத் தேடுகிறவர் இல்லாத மோதலைத் தேடி இரண்டு நாளை வீணாக்குவார்.

அனுபவம் உள்ளவர்கள் பொதுக் கடிகாரத்தையும் சீட்டையும் கூட்டி, 540 என்று ஒரே எண்ணாகப் பதிவேட்டில் எழுதி விடுகிறார்கள். பக்கத்திலேயே, எந்தப் பகுதியின் சீட்டு அது என்று பெயரையும் போட்டு வைக்கிறார்கள்.